மதுரை மார்கழிக்கு ஹீட் மேட் எதற்கு? நத்தை, வண்டு வளர்ப்பவர்களுக்கான ஒரு ‘விண்டர் கிட்’ விமர்சனம்

ஆன்லைனில் 1,899 ரூபாய்க்கு வாங்கிய கிட் இது. நத்தை, வண்டு, மரவட்டை, கும்பிடுபூச்சி எல்லாவற்றையும் குளிர்காலத்தில் சாகாமல் காப்பாற்றும் என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறார்கள். உள்ளே 7 வாட் ஹீட் மேட் ஒன்று (பெட்டியைச் சூடாக்க ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு), அதன் வயரில் கோர்த்த, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர், 650 கிராம் தென்னை நார்த்தூள் கட்டி, கடல் நுரை எனப்படும் கணவாய் ஓடு இரண்டு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில். கூடவே ஒரு கையேடு. விற்றவர் பெயரை நான் போடவில்லை. அதே மேட்டும் அதே மீட்டரும் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு எத்தனையோ பெயரில் கிடைக்கின்றன. ஒருவரை மட்டும் பிடித்து இழுப்பது நியாயமில்லை.

வாங்கச் சொன்னது என் மகள். எட்டாவது படிக்கிறாள். எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இரும்பு ரேக் அவளுடைய ராஜ்ஜியம். மழைக்குக் காம்பவுண்டுச் சுவரில் ஏறி வந்த ஆப்பிரிக்க நத்தைகள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கின்றன. மேலூர்ப் பக்கம் என் மாமியார் வீட்டு எருக்குழியில் எடுத்த காண்டாமிருக வண்டுப் புழுக்கள் பெயிண்ட் வாளியில். கும்பிடுபூச்சி ஒன்றும் கொசுவலை கட்டிய கூண்டில் இருந்தது. நான் தெற்குவாசல் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிறவன். நத்தை விஷயம் அவளுக்குத் தெரியும், வாட்டும் வோல்ட்டும் எனக்குத் தெரியும். அதனால் இதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குளிர் பற்றிப் பேசிவிடலாம். ‘இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது’ என்றுதான் கையேடு ஆரம்பிக்கிறது. மதுரையில் மார்கழி, தை இரவுகள் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். கான்கிரீட் வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்தினால் 23, 24 இருக்கும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அதெல்லாம் விடிகாலையில் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற நமக்குச் சொன்னது. ஆப்பிரிக்க நத்தைக்கு 20க்கு மேல் இருந்தால் போதும், தின்று ஊர்ந்து தன் வேலையைப் பார்க்கும். காண்டாமிருக வண்டு நம் ஊர்த் தென்னந்தோப்பிலேயே பிறந்து வளர்கிற சரக்கு. அதற்கு மதுரைக் குளிரை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆக, கிட்டின் விலையில் பெரும்பங்கு எந்தச் சாமானுக்குப் போகிறதோ அந்தச் சாமான் வேறு ஊர்க்காரர்களுக்கானது. இதை விற்கிறவர்கள் டெலிவரி முகவரியின் பின்கோடைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாம்.

சரி, காசு கொடுத்து வாங்கியாயிற்று, சும்மா விடுவானேன் என்று மேட்டைக் கடைக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன்.

15க்கு 20 செ.மீ. அளவு. இரண்டு பிளாஸ்டிக் ஏடுகளுக்கு நடுவே கறுப்புக் கார்பன் பட்டைகள், இரண்டு ஓரத்திலும் செம்புத் தகடு. வயர் வந்து சேரும் மூலையில் ரெசின் உருண்டை ஒன்று வைத்து அடைத்திருக்கிறார்கள். ஓம் மீட்டரில் 7.9 கிலோ ஓம் காட்டியது. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 6.7 வாட் வருகிறது. சொன்ன வாட்டுக்குப் பழுதில்லை. இருபத்துநாலு மணி நேரமும் ஓடினாலும் மாதத்துக்கு 5 யூனிட்தான், கரண்ட் பில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிளக் மட்டும் தட்டைப் பின். நம் சாக்கெட்டில் நிற்காது, மாற்றிப் போட்டேன்.

கோபம் வந்தது அந்தத் திருகைத் திறந்தபோதுதான். பெட்டியில் ‘தெர்மோஸ்டாட்’ என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பது ஃபேன் ரெகுலேட்டரில் இருக்கும் அதே ட்ரையாக் சர்க்யூட். வெப்பத்தை அறிகிற சென்சார் எதுவும் கிடையாது. தெர்மோஸ்டாட் என்றால் பெட்டிக்குள் ஒரு முனை போய் உட்கார்ந்திருக்க வேண்டும், 24 டிகிரி வந்தால் தானாகக் கட் ஆக வேண்டும், இறங்கினால் தானாக ஓட வேண்டும். இந்தத் திருகை நடுவில் வைத்தால் நடுராத்திரிக் குளிரிலும் பாதிச் சூடு, மத்தியான வெயிலிலும் பாதிச் சூடு. அதை டிம்மர் என்று போட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்தது, மேட்டை எங்கே ஒட்டுவது. கையேட்டுப் படத்தில் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். எந்தப் பிராணியையும் விடாமல், வெறும் பெட்டியில் நார்த்தூளை நாலு விரல் உயரத்துக்குப் போட்டு அடியில் மேட்டை வைத்தேன். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் வயரின் முனையை ஒவ்வோர் இடமாக வைத்து இரவு முழுவதும் பார்த்தோம். அறையில் 25 டிகிரி. மேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் 44. நார்த்தூளின் அடியில் 36. மேல்மட்டத்தில், அதாவது கிட்டோடு வந்த மீட்டர் தொங்குகிற இடத்தில், வெறும் 27. மீட்டரைப் பார்க்கிறவர் ஆஹா, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தூங்கப் போவார். நத்தைக்குச் சூடு அதிகமானால் என்ன செய்யும்? மண்ணுக்குள் புதையும். காட்டில் மண்ணுக்கு அடியில் குளிர்ச்சி இருக்கும், அதை நம்பித்தான் அது இறங்குகிறது. இங்கே இறங்க இறங்கச் சூடு. மகள் இதைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது அடுப்பு மேல சட்டி வைக்கிற கதை” என்றாள். அதோடு அந்தச் சோதனை முடிந்தது.

மேட் அவசியம் வேண்டுமென்றால் பெட்டியின் பக்கச் சுவரில், வெளிப்புறம், மண் மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் சூடு, எதிர்ப்பக்கம் அதைவிடக் குறைவு. எங்கே இருக்க வேண்டும் என்று பிராணி தானே முடிவு செய்துகொள்ளும். மடிக்கவே கூடாது. கார்பன் பட்டை மடிந்த இடத்தில் விரிசல் விட்டால் அந்த ஓரிடம் மட்டும் கன்னாபின்னாவென்று சூடேறும், பிளாஸ்டிக் உருகும். ஒருமுறை ஒட்டியதைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டுவதும் அதே ஆபத்துதான். ரெசின் உருண்டை இருக்கும் மூலை மேலே இருக்கும்படி வையுங்கள், தெளிக்கிற தண்ணீர் வடிந்து அங்கே போய்த் தேங்கக் கூடாது.

இப்போது அந்த மேட் மதுரையில் இல்லை. கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் என் அக்கா வீட்டில் இருக்கிறது. அக்கா மகன் போன விடுமுறைக்கு வந்தபோது எங்கள் எருவாளியிலிருந்து வண்டுப் புழு சிலவற்றைத் தூக்கிக்கொண்டு போனான். நத்தையும் கேட்டான், மகள் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மலையில் இல்லாத பீடையைக் கொண்டுபோய் விடுவதா என்று ஒரு பிரசங்கமே செய்தாள். புழு பரவாயில்லை, அங்கே தென்னை கிடையாது, தப்பினாலும் பிழைப்பு நடக்காது.

கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். ஜனவரியில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும், சில விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி வெள்ளை வெளேரென்று கிடக்கும். டிசம்பரில் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, புழு அசையவே இல்ல, செத்துப்போச்சா?” சாகவில்லை, குளிரில் சுருண்டு கிடக்கிறது. தின்னவும் இல்லை. அங்கேதான் இந்த மேட்டுக்கு வேலை வந்தது. திருகைக் கழற்றி எறிந்துவிட்டு, எஸ்டிசி 1000 என்று ஒரு கண்ட்ரோலர் போட்டுக் கொடுத்தேன். 230 வோல்ட்டிலேயே ஓடும், சென்சார் முனையைப் பெட்டிக்குள் விடலாம், எத்தனை டிகிரியில் ஓட வேண்டும், எத்தனையில் நிற்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் 400 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். டெர்மினலில் மெயின்ஸ் கரண்ட் வெளியே தெரியும்படி இருப்பதால் மூடிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். பிள்ளைகள் கையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

7 வாட் வைத்துக்கொண்டு மலைக் குளிரை அப்படியே ஜெயிக்க முடியாது. வாளியைப் பழக்கடைத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கி, மூடியில் காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, மேட்டை வாளியின் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். அறையில் 12 இருந்த இரவில் பெட்டிக்குள் 22 நின்றது. கரண்ட் போனாலும் தெர்மாகோல் கொஞ்ச நேரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே மழையடித்தால் கரண்ட் போவது சகஜம், அதனால் பெட்டி இல்லாமல் மேட்டை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்த முறை அவன் அனுப்பிய போட்டோவில் எருவின் மேல் சின்னச் சின்னதாகக் கட்டி கட்டியான எச்சம் நிறையக் கிடந்தது. புழு தின்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கொடைக்கானல், ஊட்டிக்காரர்கள் மேட்டை வாங்கலாம். இந்த விமர்சனத்தில் மேட்டுக்கு நான் சொல்கிற ஒரே நல்ல வார்த்தை இதுதான்.

மதுரையில் புழு வாளிக்கு ஒன்றுமே தேவைப்படவில்லை. நன்றாக மக்கிய பழைய எருவாகப் போட வேண்டும், அவ்வளவுதான். புதுச்சாணம் மக்கும்போது அதுவே சூடாகும், நெடியும் அடிக்கும், மூடிய வாளியில் புழுவுக்கு அது ஆகாது. ஒரு பிடி எருவை எடுத்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. என் மாமியார்தான் இதைப் பார்த்து நொந்துபோனார். “தென்னங்குருத்தைத் தின்னு மரத்தையே மொட்டையாக்குற சனியன், அதுக்கு நீங்க கரண்ட் குடுத்து வளக்குறீகளா மாப்பிள்ளை?” என்றார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. வண்டாக மாறியதும் என்ன செய்வது என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத பஞ்சாயத்து.

கிட்டில் உருப்படியான சாமான் அந்தச் சின்ன மீட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. எல்.ஆர். 44 பட்டன் பேட்டரி இரண்டு. கூட வந்த பேட்டரிகள் பாதி செத்தவை, எழுத்து மங்கலாகத் தெரிந்தால் மீட்டரைக் குறை சொல்லாமல் புதுசு போட்டுப் பாருங்கள். வெப்பம் என் தெர்மோகப்பிளோடு ஒப்பிட்டால் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போனது. ஈரப்பதத்தைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு லேபரட்டரி வேண்டாம், சமையலறை உப்பு போதும். பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைக்க வேண்டும். கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து இறுக மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். உப்புக்கூழ் இருக்கிற மூடிய இடத்தில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும், அது உப்பின் குணம். காலையில் மீட்டர் என்ன சொல்கிறதோ அதற்கும் 75க்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் பிழை. எங்களுடையது 71 காட்டியது. இன்சுலேஷன் டேப் ஒட்டி ‘+4’ என்று எழுதிவிட்டேன். இந்த விலைக்கு இது மோசமில்லை. ஒரு எச்சரிக்கை: ஸ்ப்ரே நேராகப் படுகிற இடத்தில் மீட்டரை ஒட்டினால் சென்சாரில் தண்ணீர் ஏறி 99லேயே நின்றுவிடும்.

மதுரைக் குளிர்காலத்தின் வில்லன் யாரென்று காட்டிக்கொடுத்தது இந்த மீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது பெட்டிக்குள் ஈரப்பதம் 95க்கு மேல். மூடியின் உள்பக்கம் தண்ணீர் கோத்து நிற்கும், வெள்ளரிக்காய்த் துண்டில் ஒரே ராத்திரியில் பூஞ்சை பிடிக்கும், மண்ணில் புளித்த வாடை வரும், வெள்ளையாய்த் துகள் மாதிரிப் பேன்கள் ஓடும். அந்த மாதங்களில் தெளிப்பதை நிறுத்திவிட்டு, மூடியில் பாதியை வெட்டி எடுத்துக் கொசுவலை ஒட்டினோம். மிச்சச் சாப்பாட்டை அன்றன்றைக்கு எடுத்துவிட வேண்டும். கையேடோ ‘தினமும் இருவேளை தெளிக்கவும்’ என்கிறது. கார்த்திகையில் அதைக் கேட்டிருந்தால் நத்தைகள் சேற்றில் ஊறியிருக்கும்.

தை பிறந்து மழை விட்டதும் கதை அப்படியே தலைகீழ். காலையில் பனி இருக்கும், பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில், அறைக்குள்ளேயே ஈரப்பதம் 50ஐ ஒட்டி வந்துவிடும். இந்த நேரத்தில் மேட்டைப் போட்டால் என்ன ஆகும் என்றும், அதை அக்கா வீட்டுக்குக் கொடுக்கும் முன் பார்த்தோம், நத்தை இல்லாத பெட்டியில்தான். மாலையில் 84 இருந்தது விடிவதற்குள் 62க்கு இறங்கியது. காற்று சூடாக ஆக அதன் ஈரப்பதச் சதவீதம் குறையும், மண்ணும் காயும். குளிரிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று காயப்போட்டுக் கொல்கிற வேலை.

காய்ந்தால் நத்தை உடனே சாகாது, அதற்கென்று ஒரு வித்தை வைத்திருக்கிறது. ஓட்டுக்குள் முழுசாக இழுத்துக்கொண்டு வாசலை ஒரு ஏட்டால் அடைத்துவிடும். பொங்கல் முடிந்த வாரத்தில் எங்கள் பெட்டியிலேயே பெரிய நத்தை ஒன்று சுவரில் ஒட்டியபடி அப்படி ஆகியிருந்தது. மகள் டார்ச் அடித்துக் காட்டினாள். வடித்த கஞ்சியின் மேல் படியும் ஆடை காய்ந்தது மாதிரி, மங்கலான வெள்ளையில், ஓரமெல்லாம் ஓட்டோடு ஒட்டி, நடுவில் மட்டும் லேசாக உள்வாங்கியிருந்தது. இந்த நிலையில் மாதக்கணக்கில்கூட இருக்கும். பார்த்தவுடன் செத்துவிட்டது என்று தூக்கி எறிகிறவர்கள் நிறையப் பேர். செத்த நத்தை நாறும், அடைத்துக்கொண்ட நத்தைக்கு வாடையே இருக்காது. அந்த ஏட்டை நகத்தால் பிய்க்கவே கூடாது. தட்டு ஒன்றில் விரல் நகம் முழுகுகிற அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, அதில் வாசல் பக்கம் படும்படி வைத்தாள். முதலில் ஓரம் நெகிழ்ந்தது. அப்புறம் நடுவில் ஒரு குமிழி. கொஞ்ச நேரத்தில் ஏட்டை ஒதுக்கிக்கொண்டு சாம்பல் நிறச் சதை பிதுங்கி வந்தது, கீழ்க்கொம்பு இரண்டும் முதலில், கண் இருக்கும் மேல்கொம்பு இரண்டும் பிறகு. வந்ததும் அது செய்த முதல் காரியம் அந்த ஏட்டையே தின்றது.

நார்த்தூள் கட்டி நல்ல சரக்குதான், விலைதான் கொள்ளை. அட்டையின் ஓரத்தில் பொள்ளாச்சி முகவரி. ஒத்தக்கடைப் பக்கம் நர்சரிகளில் இதே சாமான் 5 கிலோ கட்டியாக 200 ரூபாய்க்குள் கிடைக்கிறது. தொட்டிச் செடி வைக்கிற எல்லாரும் வாங்குவதுதான். எதை வாங்கினாலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். தென்னை மட்டையை ஊறப்போடும் தண்ணீரைப் பொறுத்து நார்த்தூளில் உப்பு இருக்கும். நத்தைக்கு உப்பு எமன் என்பது ஊரறிந்த சங்கதி. கையேட்டில் ‘4 லிட்டர் தண்ணீர் ஊற்றி உடனே பயன்படுத்தலாம்’ என்று இருக்கிறது. ஊற வைத்து, துணியில் பிழிந்து, மறுபடி ஊற வைத்துப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீர் காப்பி நிறம் போய் வெளிறி வரும்வரை செய்தால் நிம்மதி. மேலே நாட்டு வாதுமையின் காய்ந்த இலைகளைப் பரப்பினால் மரவட்டைக்கும் சாப்பாடு ஆயிற்று.

கடல் நுரை என்பது கணவாய் மீனின் உடம்புக்குள் இருக்கும் ஓடு. கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். நத்தை அதைச் சுரண்டித் தின்று தன் ஓட்டைக் கட்டிக்கொள்ளும். கிட்டில் இருப்பவை உள்ளங்கை நீளம்கூட இல்லை. கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன்.

“லவ்பேர்ட்ஸுக்காண்ணே?”

“இல்ல, நத்தைக்கு.”

அவர் திரும்பி டப்பாவிலிருந்து நத்தைச்சூரி விதையை அள்ளிப் பொட்டலம் கட்டப் போனார். “அது இல்லண்ணே, வீட்ல நத்தை வளக்குது பாப்பா, அதுக்குத் திங்க” என்றேன். கடையில் நின்ற மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். 20 ரூபாய்க்கு ஒரு முழு ஓடு கிடைத்தது, அது இன்னும் தீரவில்லை. அதுவும் வேண்டாமென்றால் முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பொடித்துப் போடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவுவதாக ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம், அந்தக் காரம் மெல்லிய தோலைப் பொத்துவிடும்.

மீன்தொட்டி நத்தைக்கும் இந்த மேட் உதவும் என்று பெட்டியில் இருக்கிறது. எங்களிடம் மீன்தொட்டி இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: மதுரை வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்குச் சூடே தேவைப்படாது, தேவைப்படுகிற ஊரிலும் தண்ணீருக்குள் முங்கும் ஹீட்டர்தான் சரி. அந்த நத்தைகளின் ஓடு பள்ளம் பள்ளமாக அரிந்தால் குளிர் காரணமல்ல, பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான் காரணம். கால்சியம் இல்லாத தண்ணீரில் ஓடு கரையும். நாம் குளிக்கவே முகம் சுளிக்கிற போர் தண்ணீர் அதற்கு நல்லது. மீனுக்கு ஊற்றும் மருந்தில் செம்பு கலந்திருந்தால் நத்தைக்கு விஷம், டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

தெளிக்கும் பாட்டில் கொஞ்ச நாளில் மூக்கு அடைத்துக்கொண்டது. சலூனில் வைத்திருக்கும் பாட்டில் 60 ரூபாய், அது உழைக்கிறது.

கையேட்டில் இருப்பதைவிட இல்லாததுதான் முக்கியம். ஆயுள் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மகளின் கும்பிடுபூச்சி மார்கழிக் கடைசியில் செத்தது. குளிர் கொல்லவில்லை. வளர்ந்த கும்பிடுபூச்சிக்குச் சில மாதங்கள்தான் ஆயுள், எந்த மேட்டும் அதை நீட்டாது. சாகும் முன் குச்சியில் நுரை உறைந்த மாதிரி முட்டைக்கூடு ஒன்று வைத்திருந்தது, அது ரேக்கில் இருக்கிறது. என் கடைக்கு வருகிற பையன்கள் பொன்வண்டு பற்றிக் கேட்பதும் இதே கேள்விதான். உசிலை மரத்திலும் உடை மரத்திலும் மழைக்காலத்தில் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுத் தழை கொடுக்கிறார்கள், கார்த்திகைக்குள் செத்துவிடுகிறது, குளிர் தாங்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வண்டாக வெளியே வந்த பொன்வண்டுக்குச் சில வாரங்கள்தான் வாழ்வு. மண்ணுக்குள் புழுவாக இருந்த காலம்தான் அதன் பெரும்பகுதி. இதற்காக யாரும் 1,899 ரூபாய் செலவழிக்க வேண்டாம், முட்டையிட்டபின் மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

கை கழுவுவது பற்றியும் இல்லை. ஆப்பிரிக்க நத்தையின் உடம்பில் எலியின் நுரையீரல் புழு இருக்க வாய்ப்புண்டு. அது மனிதனுக்குள் போனால் மூளையுறை வரை பாதிக்கும். தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நத்தை ஊர்ந்த பெட்டியைச் சமையல் மேடையில் வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கென்று விற்கிற கிட்டில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டிய விஷயம் இது.

இவற்றையெல்லாம் விற்றவருக்கு எழுதினேன். ‘உங்கள் பகுதியின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப முடிவுகள் மாறலாம்’ என்று ஒரு பதில் வந்தது. கூடவே அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். மதுரைக்காரர்கள் மீட்டரை மட்டும் தனியாக வாங்குங்கள், 250 ரூபாய்க்குள் முடியும். நார்த்தூள், கடல் நுரை, சலூன் பாட்டில் எல்லாம் சேர்த்தாலும் 550ஐத் தாண்டாது. கிட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. ஒன்று மீட்டருக்கு, இன்னொன்று அக்கா வீட்டுத் தெர்மாகோல் பெட்டிக்குள் மேட் செய்த வேலைக்கு.

நத்தை முட்டை பற்றியும் கையேடு வாய் திறக்கவில்லை. அதை மட்டும் சொல்லி விடுகிறேன். இந்த நத்தை நம் ஊர்ச் சரக்கல்ல. வில்லியம் பென்சன் என்ற வெள்ளைக்காரர் 1847இல் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது, இன்றைக்குத் தோட்டக்காரர்கள் வாழையிலும் காய்கறியிலும் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒரே நத்தையில் ஆணும் பெண்ணும் உண்டு, ஒரு தடவைக்கு 100, 200 முட்டை வைக்கும். ஈரமும் சூடும் ஒத்துவந்தால் குளிர்காலத்திலும் வைக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் நார்த்தூளை அடிவரை கிளறுகிறாள். மிளகு அளவில் மஞ்சள் கலந்த வெள்ளை முட்டைகள் கொத்தாகக் கிடைத்தால் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு, ஆறியபின் மொட்டைமாடி மல்லிகைத் தொட்டியில் புதைக்கிறோம். குப்பையிலோ சாக்கடையிலோ அப்படியே கொட்டாதீர்கள், அடுத்த மழைக்குத் தெருவே நத்தையாகிவிடும்.